நன்றி, அக்கா

என் மகனின் பள்ளிக்கூடத்திலிருந்து அழைப்பு வந்தபோது நான் வேலை செய்யும் மருந்துக் கடையின் பின்னறையில் மாத்திரைகளை நாள்வாரியாகப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தேன். காய்ச்சலாக இருக்கும், வந்து கூட்டிக்கொண்டு போகச் சொல்வார்கள் என்று நினைத்தேன். காய்ச்சல் இல்லை. விளையாட்டு நேரத்தில் ஒரு பையன் அவனுடைய முதுகில் குத்தியிருக்கிறான். ஆசிரியை ஓடிப்போய் இருவரையும் விலக்கியிருக்கிறார். குத்து வாங்கிய என் மகன் இரண்டு கைகளையும் உடம்போடு ஒட்ட வைத்துக்கொண்டு, நிமிர்ந்து நின்று, குத்தியவனைப் பார்த்து "தாங்க் யூ" என்று சொல்லியிருக்கிறான்.

ஏன் அப்படிச் சொன்னாய் என்று ஆசிரியை கேட்டாராம். அடி வாங்கினால் சொல்ல வேண்டும்தானே, எங்கள் வீட்டில் அப்படித்தான், என்றானாம். வீட்டில் யார் அடிப்பது என்று கேட்டதற்கு, அக்கா என்றானாம். யார் அடிக்கச் சொல்வது என்று கேட்டதற்கு, அம்மா என்றானாம்.

அவனுக்கு அப்போது எட்டு வயது. மகளுக்குப் பதினொன்று.

இரண்டு நாள் கழித்துக் கவுன்சிலின் குழந்தைகள் பாதுகாப்புப் பிரிவிலிருந்து ஒரு பெண் வந்தாள். என்னைவிடப் பதினைந்து வயதாவது குறைவாக இருக்கும். சொல்லாமலே சப்பாத்தைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு உள்ளே வந்தாள். எங்கள் தமிழ் ஆட்களின் வீடுகளுக்குப் போய்ப் பழகியவள் என்று தெரிந்ததும் எனக்கு எரிச்சல் கூடியது. நான் வாய்க்காரி. கோபம் வந்தால் ஆங்கிலம் நன்றாக வரும். "என் பிள்ளைகள் மீது நான் இதுவரை கை வைத்ததில்லை, ஒரு நாளும், வேண்டுமானால் இரண்டு பேரையும் கேளுங்கள்" என்றேன். அதைப் பெருமையாகச் சொன்னேன் என்பதுதான் இன்றைக்கும் என் முகத்தைச் சுட வைக்கிறது. நான் அடிக்காத தாய் என்று உண்மையாகவே நம்பிக்கொண்டிருந்தேன்.

அவள் எழுதுவதை நிறுத்திவிட்டு, "உங்கள் மகளின் கையால் அடிப்பித்தீர்கள், அதை என்னவென்று நினைத்தீர்கள்?" என்று கேட்டாள். அது அடி என்றே எனக்குத் தோன்றியிருக்கவில்லை. வீட்டு ஒழுங்கு என்று நினைத்திருந்தேன்.

நடந்தது இவ்வளவுதான். மகன் மதியச் சாப்பாட்டைக் குப்பைத் தொட்டியில் கொட்டிவிட்டுச் சாப்பிட்டேன் என்று பொய் சொல்லியிருந்தான். நான் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். கை முழுக்கச் செதில். மகள் மேசையில் வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தாள். "நீதானே அக்கா, அகப்பைக் காம்பாலை ரெண்டு குடு அவனுக்கு. மெல்ல அடிச்சியோ, பிறகு நாலு" என்றேன். அவள் எழும்பிப் போய் அடித்தாள். அவன் "தாங்க் யூ அக்கா" என்றான். நான் மீனைக் கழுவினேன். அந்த வருடத்தில் இது நாலாவதோ ஐந்தாவதோ தடவை. முதல் தடவை மட்டும் மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

என் கணவருக்கு இது தெரியாது. அவருக்கு மாலை ஷிப்ட். தெரிந்த அன்று அவர் என்னைத் திட்டவில்லை, சோபாவில் உட்கார்ந்து பாஸ்போர்ட் பார்ப்பது போல என் முகத்தை வெகுநேரம் பார்த்தார். திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு கதை கதைத்துத் தப்பியிருப்பேன்.

இந்த ஒழுங்கை நான் கண்டுபிடிக்கவில்லை. என் அப்பாவிடமிருந்து வந்தது. நாங்கள் சின்னவர்களாக இருந்தபோது லண்டன் ஸ்ட்ரெதமில் ஒரு தளபாடக் கடைக்கு மேலே இருந்த வீட்டில் குடியிருந்தோம். எனக்கு ஒரு தம்பி, மூன்று வயது இளையவன். தம்பி பிழை செய்தால் நான் அடிக்க வேண்டும். நான் பிழை செய்தால் தம்பி அடிக்க வேண்டும். அப்பா கதிரையில் இருந்து பார்ப்பார். மெதுவாக அடித்தால் அடிப்பவருக்கு இரண்டு மடங்கு. அடி வாங்கியவர் கையை ஒட்ட வைத்துக்கொண்டு நன்றி சொல்ல வேண்டும். தம்பி என்னை அடிக்கும்போது அழுவான், கை ஓங்காது. அதனால் அவனுக்கு எப்போதும் இரண்டு மடங்கு விழும், அதையும் நான்தான் கொடுக்க வேண்டும். கடைசியில் கணக்குப் பார்த்தால் அடி முழுவதும் ஒரே பக்கம்தான். நான் அழவில்லை. நான் சரியாக அடிப்பேன். "இவள் ஒருத்திதான் சொன்னதைச் செய்யிறவள்" என்று அப்பா அம்மாவிடம் சொல்வார். அம்மா அடுப்படியில் நின்று ஒன்றும் சொல்ல மாட்டார். எங்கள் அப்பா வாயால் வந்த ஒரே பாராட்டு அது.

தம்பி இப்போது வெம்பிளியில் இருக்கிறான். ரயில்வேயில் வேலை. பிறந்தநாளுக்குத் தவறாமல் பரிசு அனுப்புவான். ஆனால் வளர்ந்த பிறகு ஒரு நாள் கூட என் வீட்டுக்குத் தனியாக வந்ததில்லை. கலியாண வீடுகளில் சந்தித்தால், "எப்பிடி அக்கா, சுகமோ" என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் வேறு யாரையோ பார்த்துக் கை காட்டுவான். வேலைப் பளு என்று நான் எல்லோரிடமும் சொல்லிவந்தேன்.

கவுன்சில் பெண் மகனுக்கு ஒரு ஆளை ஏற்பாடு செய்தாள். பள்ளிக்கூடத்தில் வாரம் ஒரு தரம் அவனோடு பொம்மைகள் வைத்து விளையாடிக் கதைக்க ஒருவர் வந்தார். அவன் அதைக் கொண்டாடினான். இரண்டு மாதத்தில் பழையபடி கத்தவும் கதவை அடிக்கவும் தொடங்கினான். எனக்கு அது நிம்மதியாக இருந்தது. மகளை யாரும் கேட்கவில்லை. அடி வாங்கியவன் அவன்தானே. அவளுடைய பெயர் கவுன்சில் அறிக்கையில் "மூத்த பிள்ளை" என்று இரண்டு இடத்தில் இருந்தது.

அவளோ தம்பியோடு கதைப்பதை நிறுத்திவிட்டாள். அவன் வந்து பக்கத்தில் இருந்தால் எழும்பிப் போய்விடுவாள். அவன் விளையாடக் கூப்பிட்டால் வீட்டுப்பாடம் என்பாள். முன்பு இரண்டு பேரும் ஒரு போர்வைக்குள் கிடந்து கார்ட்டூன் பார்க்கிற பிள்ளைகள். அவன் அவளுடைய கதவுக்கு வெளியே நின்று, "அக்கா, அக்கா" என்று கூப்பிடுவான். உள்ளே சத்தமே இருக்காது. அது எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியும். முப்பது வருடம் கழித்துப் பிறந்தநாள் பரிசில் போய் முடியும். எனக்கு அந்த நாட்களில் இருந்த பயம் கவுன்சிலைப் பற்றியது அல்ல. இவள் நானாக மாறிவிடக் கூடாது என்பதுதான்.

என்னை ஒரு வகுப்புக்கும் அனுப்பினார்கள். நூலகத்தின் மேல்மாடியில், புதன்கிழமை காலைகளில், பெற்றோருக்கு. நான் முதல் நாள் கையைக் கட்டிக்கொண்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தேன். பிஸ்கட் கூட எடுக்கவில்லை. அங்கே வந்தவர்களில் ஒரு பெண் கனடாவிலிருந்து கலியாணம் கட்டி வந்தவள், என் வயது இருக்கும். அந்த நாட்டுப் பழங்குடி மக்களைச் சேர்ந்தவள். அவளுடைய தாயை ஆறு வயதில் வீட்டிலிருந்து பிடித்துக்கொண்டு போய் ஒரு விடுதிப் பள்ளிக்கூடத்தில் போட்டார்களாம். தலைமயிரை வெட்டி, சொந்த மொழியில் வாய் திறந்தால் அடித்து, பத்து வருடம். திரும்பி வந்த தாய்க்குத் தன் பிள்ளையைத் தூக்கத் தெரியவில்லை என்றாள். "நான் அழுதால் அம்மா என் தலைமயிரை வெட்டுவாள். நான் என் மகளுக்கு அப்படிச் செய்யப் போனேன். கத்தரிக்கோலைக் கையில் எடுத்த பிறகுதான் தெரிந்தது."

வகுப்பு நடத்தியவர் தண்ணீர் குடித்தார். இடைவேளையில் நான் அவளுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. தன் ஊரில் அந்தப் பள்ளிக்கூடங்களில் படித்தவர்கள் இப்போது ஒன்றாக இருந்து கதைக்கிறார்கள் என்றாள் அவள். "பள்ளிக்கூடத்தில் தங்களுக்குச் செய்ததைச் சொல்வது கஷ்டம், ஆனால் சொல்லிவிடுகிறார்கள். தங்கள் பிள்ளைகளுக்குத் தாங்கள் செய்ததைச் சொல்லும்போதுதான் பெரிய பெரிய ஆண்கள் எழும்பி வெளியே போய்விடுகிறார்கள்." அன்று வீட்டுக்கு வரும்போதுதான் என் அப்பாவும் விடுதியில் வளர்ந்தவர் என்பது எனக்கு உறைத்தது. தெரியாத விஷயம் அல்ல. பெரிய பள்ளிக்கூடத்தில் படித்தவர், விடுதியில் இருந்து படித்தவர் என்று எங்கள் வீட்டில் அது பெருமையாகச் சொல்லப்பட்ட விஷயம்.

அப்பா இன்னமும் ஸ்ட்ரெதமில்தான், ஒற்றை அறை வீட்டில், தனியாக. அம்மா போய் ஆறு வருடம். அடுத்த ஞாயிறு பகல் மீன் குழம்பு கொண்டு போனேன். அவர் பாண் ரொட்டியைத் துண்டு துண்டாக வெட்டி, கடைசித் துகள் வரை விரலால் ஒற்றி எடுத்துச் சாப்பிடுவார். சாப்பிட்டு முடிய விட்டுக் கேட்டேன்.

"அப்பா, விடுதியிலை உங்களை எப்பிடி அடிச்சவை?"

"இப்ப என்னத்துக்கு உந்தக் கதை?"

"சொல்லுங்கோவன்."

"அவை ஏன் அடிக்க வேணும். நாங்கள் அண்ணன் தம்பி ரெண்டு பேர் இருந்தனாங்கள்தானே."

அப்பாவின் தகப்பன் இறந்த வருடம், அப்பாவை ஒன்பது வயதில், ஏழு வயதுத் தம்பியோடு கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் ஒரு விடுதி. சகோதரர்கள் இருந்தால் ஒருவனைக் கொண்டு மற்றவனை அடிப்பிப்பது அங்கே வார்டனின் வழக்கம். வெளியாள் அடித்தால் பிள்ளைக்கு வன்மம் வரும், அண்ணன் அடித்தால் திருந்துவான் என்று வார்டன் விளக்கம் சொல்வாராம். அப்பா அதையும் ஏதோ வாய்ப்பாடு சொல்வது போலச் சொன்னார்.

"அப்பிடித்தான் எங்களை மனிசராக்கினவை" என்றார்.

"சித்தப்பாவின்ரை காது?"

சித்தப்பாவுக்கு இடது காது கேட்காது. சின்ன வயதில் வந்த காய்ச்சல் என்று சொல்லி வைத்திருந்தார்கள். அவர் பாரிஸில் வெகுகாலம் இருந்துவிட்டுப் பிறகு வெம்பிளிக்கு வந்தவர். போன வருடத்துக்கு முந்திய மாரியில் காலமானார். அண்ணனும் தம்பியும் ஒரே நகரத்தில் பத்து வருடம் இருந்தும் ஒருவர் வீட்டில் மற்றவர் சாப்பிட்டதை நான் பார்க்கவில்லை. செத்த வீட்டில் அப்பா பெட்டியின் இடது பக்கம் நின்றுகொண்டிருந்தார். பிறகு சனத்தை விலக்கிக்கொண்டு சுற்றி வலது பக்கம் போய்க் குனிந்து ஏதோ சொன்னார். தேவாரம் சொல்கிறார் என்று நினைத்தேன்.

அப்பா தட்டைத் தள்ளி வைத்தார். "வார்டன் கையாலை அடிக்கச் சொன்னவர். நான் கொஞ்சம் பலமா அடிச்சுப்போட்டன்."

"சித்தப்பாவிட்டை மன்னிப்புக் கேட்டனீங்களோ?"

"நான் என்னண்டு கேக்கிறது? அவன் எல்லோ உடனை எனக்கு நன்றி சொன்னவன். காதாலை ரத்தம் வருது, கையை ஒட்ட வைச்சுக்கொண்டு, நன்றி அண்ணை எண்டு..."

அவர் அழவில்லை. எழும்பிப்போய்த் தட்டைக் கழுவினார், துடைத்தார், மறுபடியும் கழுவினார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அதே நேரம் அந்தத் தட்டைப் பிடுங்கி நிலத்தில் அடிக்க வேண்டும் போலவும் இருந்தது. இவ்வளவையும் அனுபவித்த மனிதன் அதை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து எங்கள் இரண்டு பேருக்கும் ஏன் தந்தார்? கேட்க வாய் வந்தது. என் வீட்டு அகப்பை ஞாபகம் வந்து வாயை மூடிக்கொண்டேன்.

தம்பியைப் பார்க்க வெம்பிளிக்குப் போனேன். வீட்டுக்கு வரச் சொல்லவில்லை, ஸ்டேஷனுக்குப் பக்கத்துத் தேநீர்க் கடைக்கு வரச் சொன்னான். அப்பா சொன்னதைச் சொன்னேன். என் வீட்டில் நடந்ததையும் சொன்னேன். அவன் சீனியை வெகுநேரம் கலக்கினான்.

"தம்பி, நான் செய்தது பிழை. என்னை மன்னிச்சுக்கொள்" என்றேன்.

"பரவாயில்லை அக்கா."

கேட்டு முடியுமுன்பே சொன்னான். முதுகு நிமிர்ந்து, இரண்டு கையும் மேசைக்குக் கீழே போயிருந்தன.

"அப்பிடிச் சொல்லாதை. ஏசு. ஏதாவது சொல்லு."

கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னான். "நீங்கள் அடிக்கேக்கை அப்பாவைத்தான் பாப்பீங்கள். ஒரு நாளும் என்னைப் பாக்கேல்லை. அதுதான் எனக்கு ஞாபகம். நொந்தது ஒண்டும் ஞாபகமில்லை." பிறகு, "நான் ஏன் பிள்ளை வேண்டாமெண்டு இருக்கிறன் எண்டு எல்லாரும் கேக்கினம். எனக்கு அக்கா மாதிரி ஒரு பிள்ளையும் வேண்டாம். என்னை மாதிரி ஒண்டும் வேண்டாம்" என்றான்.

அந்தக் கதிரையில் இருந்து நான் அவனுக்கு இன்னொன்றையும் சொல்லியிருக்க வேண்டும். நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. அடிக்க வைத்தார்கள், அதனால் அடித்தேன் என்பது மன்னிக்கக்கூடிய கதை. அவன் அந்தக் கதையைத்தான் நம்பிக்கொண்டிருந்தான், நானும் அதற்குள்ளேயே ஒளிந்துகொண்டேன். அப்படியே ரயில் ஏறி வந்தேன்.

வசந்த காலத்தில் கவுன்சில் எங்கள் வழக்குக் கோப்பினை மூடியது. வீட்டில் இப்போது யாரும் யாரையும் அடிப்பதில்லை, அந்தப் பெண்ணுக்கு அது போதும். அவளைக் குறை சொல்ல மாட்டேன், நல்ல பிள்ளை. மகளிடம் நான் பல தடவை கதைத்துப் பார்த்தேன். "அது உன்ரை பிழை இல்லை, அம்மாதான் செய்ய வைச்சனான், நீ நல்ல பிள்ளை." வகுப்பில் சொல்லித்தந்த மாதிரியே சொன்னேன். சொல்லச் சொல்ல அவள் இன்னும் இறுகிப் போனாள். ஒரு நாள், "ப்ளீஸ் அம்மா, நான் நல்ல பிள்ளை என்று சொல்லாதீர்கள்" என்று ஆங்கிலத்தில் கத்திவிட்டுக் கதவைச் சாத்தினாள். வேறு என்ன சொல்வது என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. உண்மையில் தெரிந்திருக்க வேண்டியவள் நான் ஒருத்திதான்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் டூட்டிங்கில் மரக்கறி வாங்கப் போயிருந்தோம். கணவரும் மகனும் இடியப்பம் வாங்க வரிசையில் நின்றார்கள். நிறுத்தக் கூடாத இடத்தில் காரை நிறுத்தி, எஞ்சினைப் போட்டபடி நான் முன்னால், மகள் பின்னால். கடைக் கண்ணாடிக்குள்ளே மகன் தகப்பனின் ஜாக்கெட்டைப் பிடித்து இழுப்பது தெரிந்தது. எங்களைக் கண்டு கை காட்டினான். நான் கை காட்டினேன். பின்னால் அசைவே இல்லை.

"அம்மா" என்றாள். பிறகு ஆங்கிலத்தில், வேகமாக, ஒரே மூச்சில் சொன்னாள். "கடைசித் தரம், மீன் வெட்டின அன்று, நீங்கள் இரண்டு சொன்னீர்கள். நான் மூன்று அடித்தேன். நீங்கள் பார்க்கவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது. அவனை அடிக்க எனக்குப் பிடித்திருந்தது அம்மா."

திரும்பிப் பார்க்கப் போனேன், பார்க்கவில்லை. ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தேன். வகுப்பில் சொல்லித்தந்தவை எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன. நீ சின்னப் பிள்ளை, அது உன் குற்றமில்லை, அப்படிச் சொன்னதற்கு அம்மா பெருமைப்படுகிறேன். இதில் எதைச் சொன்னாலும் அவள் அந்தக் காருக்குள் தனியாக இருப்பாள் என்று தெரிந்தது. நான் முப்பது வருடத்துக்கு மேலாக அப்படித்தான் இருந்தேன். தம்பியிடம் சொல்லாததை, அப்பாவிடம் கேட்காததை, கட்டினவருக்கும் தெரியாததை, என் வாய் முதல் தடவையாகச் சொன்னது.

"எனக்கும் பிடிச்சிருந்தது."

"மாமாவை அடிக்கேக்கையோ?"

"ஓம்."

பின்சீட்டில் அவள் பெல்ட்டைக் கழற்றும் சத்தம் கேட்டது. இரண்டு சீட்டுக்கும் நடுவில் உடம்பை நுழைத்து, நெற்றியை என் தோளில் வைத்து, எட்டு மாதமாக அழாத பிள்ளை அழத் தொடங்கினாள். அபராதம் எழுதுகிறவர் வந்து கண்ணாடியில் தட்டினார். அவரை எழுதச் சொல்லிக் கை காட்டிவிட்டு, நான் அப்படியே இருந்தேன்.